எதை விட்டுச் செல்வது? – மூதறிஞர் இராஜாஜியின் வாழ்வு தரும் படிப்பினை



ஆண்டு மலரில் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கை நாம் அனைவரும் ஆவலுடன் பார்க்கின்றோம். சந்தா எவ்வளவு, நன்கொடை எவ்வளவு, பள்ளிவாசல் பராமரிப்புக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் விளக்கம் கேட்கின்றோம். கேட்பது முறையே. ஆனால் நமக்கு வழங்கப்பட்ட ஆயுளுக்கு இவ்வாறு ஒரு கணக்கை நாம் எழுதிப் பார்க்கின்றோமா என்பது சிந்திக்கத்தக்கது.

வீடு, நிலம், கடை, லாரி ஆகியவற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ஷரீஅத் முன்னரே வகுத்துவிட்டது. அதில் நம் விருப்பத்திற்கு இடம் குறைவு. வாரிசல்லாதோருக்கும் நற்பணிகளுக்கும் வஸிய்யத் செய்ய மூன்றில் ஒரு பங்கு வரை நமக்கு அனுமதி உண்டு. இவையனைத்தும் பொருளைப் பற்றியவை. பொருளைத் தவிர நாம் விட்டுச் செல்லும் மற்றொன்றும் உண்டு. நாம் எதற்காக வாழ்ந்தோம், நாம் சென்ற பின் எது தொடர்ந்து நடக்கின்றது என்பதே அது. அதை வகுத்துத் தர எந்தச் சட்டமும் இல்லை. அவரவரே தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த பின்னரும் அது நிலைக்குமா என்பது நம் கையில் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள, நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் வாழ்வை இவ்வாண்டு எடுத்துக்கொள்வோம். அவர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவரல்லர். எனினும் நாம் ஹராம் என்று விலக்கிய மதுவை இம்மாவட்டத்திலிருந்து ஒழிக்க முதன்முதலில் சட்டம் செய்தவர் அவரே. மூதறிஞர் இராஜாஜி என்று நாடு அழைத்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் அவர்களைப் பற்றியே நாம் எழுதுகின்றோம்.

பிறப்பும் வளர்ப்பும்

1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் இராஜாஜி பிறந்தார். இன்று அவ்வூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் சேலம் என்னும் ஒரே பெயரில் இருந்தன. தந்தையார் அவ்வூரின் கிராம முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்வியிலும் தேறி, 1900-ஆம் ஆண்டு சேலம் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

சேலத்தில் அவருடைய தொழில் விரைவில் வளர்ந்தது. குற்றவியல் வழக்குகளில் அவர் எடுத்த பெயர் மாவட்டமெங்கும் பரவியது. கைநிறைய வருமானம், சொந்த வீடு, ஊரில் மதிப்பு ஆகிய யாவும் கிடைத்தன. நம்மில் பலர் பிள்ளைகளுக்கு எதை வேண்டி துஆச் செய்கின்றோமோ அவை அனைத்தும் நாற்பது வயதுக்குள் அவர் கைக்கு வந்துவிட்டன. இடையில் பெருந்துன்பம் ஒன்றும் வந்தது. முப்பதுகளின் பிற்பகுதியிலேயே மனைவியை இழந்தார். மூன்று ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களுமாக ஐந்து பிள்ளைகள் தாயின்றி நின்றனர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தார். தாழ்த்தப்பட்ட மக்களைத் தெருவில் நடக்கவும் விடாத காலம் அது. அம்மக்களில் ஒருவர் முதன்முறையாகச் சேலம் நகராட்சியில் உறுப்பினராக இடம்பெற அவர் துணை நின்றார். இதனால் தம் சொந்தச் சாதியாரின் கடும் வெறுப்புக்கும் ஆளானார். தமிழில் அறிவியலைச் சொல்ல முடியும் என்று நம்பி, கலைச்சொற்களை உருவாக்குவதற்கென நண்பர்களுடன் சேர்ந்து 1916-இல் சேலத்தில் ஒரு சங்கமும் அமைத்தார்.

தொழிலைத் துறந்த முடிவு

1919-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு காந்தியடிகள் சென்னை வந்து அவர் இல்லத்தில் தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஒரு நாள் கடையடைப்பும் நோன்பும் அனுசரிக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கே தங்கியிருந்தபோதே காந்தியடிகளுக்குத் தோன்றியது என்பது வரலாறு. அதனைத் தொடர்ந்து கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் ஒன்றாக எழுந்தன. மௌலானா முகம்மது அலி, மௌலானா ஷௌகத் அலி சகோதரர்களும் காந்தியடிகளும் ஒரே மேடையில் நின்ற அந்நாட்களில், நீதிமன்றங்களைப் புறக்கணிக்குமாறு வழக்கறிஞர்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. இராஜாஜி தம் தொழிலைக் கைவிட்டார். 1921 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொது வாழ்வுக்கு வருவோர் பெரும்பாலும் தொழிலை மக்களிடம் ஒப்படைத்து, உடல் தளர்ந்த பின்னரே வருவர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இராஜாஜி தொழிலை விட்டது, அது உச்சத்தில் இருந்தபோது. ஐந்து பிள்ளைகளின் பொறுப்பு தலைமேல் இருந்தபோது. எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வியை அவர் நாற்பது வயதிலேயே தமக்குள் கேட்டுக்கொண்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

துறந்த தொழிலை ஒருமுறை மட்டும் அவர் மீண்டும் கையிலெடுத்தார். திருச்சானூர்க் கோயிலுக்குள் நுழைந்தார் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1925-ஆம் ஆண்டு அவருக்காகச் சித்தூர் நீதிமன்றத்தில் இராஜாஜி நின்று வாதாடி விடுவித்தார். கற்ற கல்வி எங்கே பயன்பட வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

புதுப்பாளையத்துக் குடிசை

1925-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அவ்வூர் நிலக்கிழார் அதற்கு நிலம் வழங்கினார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அந்தப் பகுதி அக்காலத்தில் மழை பொய்த்தால் உணவுக்கே வழியற்றுப் போகும் வறண்ட பூமியாகும். சென்னையையும் சேலத்தையும் விட்டு, இளைய பிள்ளைகளுடன் அங்கே ஒரு குடிசையில் அவர் குடியேறினார்.

சுற்றியிருந்த ஊர்களின் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூல் நூற்கச் செய்து, கூலி வழங்கி, நெசவாளரிடம் அதைத் துணியாக்குவதே ஆசிரமத்தின் முதற்பணி. வானம் பொய்த்த ஆண்டுகளில் அந்தக் கூலியே பல வீடுகளில் அடுப்பெரியக் காரணமாயிற்று. நோயுற்றோருக்கு மருந்து வழங்கினர். தாழ்த்தப்பட்டோரும் மற்றோரும் ஒரே பந்தியில் உண்டனர். இதனைச் சுற்றுவட்டாரத்தார் எளிதில் ஏற்கவில்லை. ஆயினும் ஆசிரமம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அங்கே வாழ்ந்த ஆண்டுகளில்தான் மதுவின் கொடுமையை அவர் அருகிருந்து கண்டார். வாரக் கூலி கள்ளுக்கடைக்குப் போவதும், மனைவி மக்கள் வெறுங்கையுடன் காத்திருப்பதும் அன்றாடக் காட்சிகள். 1929-இல் மதுவிலக்கிற்கென்றே விமோசனம் என்னும் தமிழ் மாத இதழை ஆசிரமத்திலிருந்து வெளியிட்டார். பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரான கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆசிரமத்திலேயே தங்கி அவ்விதழில் பணியாற்றினார். ஏறத்தாழப் பத்து இதழ்களே வந்தன. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம் மேற்கொண்டு அவர் சிறை சென்றார்.

சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு

1937-ஆம் ஆண்டு ஜூலையில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் மாகாண முதலமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தனர். பதவியேற்ற மூன்றே மாதத்தில், 1937 அக்டோபர் முதல் நாள், சேலம் மாவட்டம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்தின் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. தாம் பிறந்த, தொழில் செய்த, குடிசையில் வாழ்ந்த மண்ணையே அவர் முதலில் தேர்ந்தெடுத்தார். அடுத்து வந்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிவடைந்தது.

நல்ல நோக்கம் மட்டும் போதாது. அதற்கான விலையை யார் தருவது என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். அன்றைய மாகாண அரசுக்கு நிலவரிக்கு அடுத்த பெரும் வருவாய் மதுவிலிருந்தே வந்தது. அதை இழந்தால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் ஏது? அந்த இழப்பை ஈடுசெய்யவே 1939-இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நாட்டில் முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில்தான் அவ்வரி விதிக்கப்பட்டது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர்; அவர் பின்வாங்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், உலகப் போரையொட்டிக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியபோது அவரும் விலகினார்.

நிலைத்ததும் நிலையாததும்

இனி நாம் சொல்லப்போவதே இவ்வாழ்வின் முக்கியமான படிப்பினையாகும்.

இராஜாஜி தம் வாழ்வின் அடையாளமாக எதை விட்டுச் செல்ல விரும்பினாரோ, அந்த மதுவிலக்கு அவர் கண் முன்னரே இருமுறை கலைக்கப்பட்டது. 1943-இல் ஆங்கில ஆளுநரின் ஆட்சி வருவாயைக் காரணம் காட்டி அதனை நிறுத்தி வைத்தது. விடுதலைக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1948-இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கு வந்தது. 23 ஆண்டுகள் கழித்து 1971-இல் தமிழக அரசு மீண்டும் மதுக்கடைகளைத் திறக்க முடிவு செய்தது. அப்போது இராஜாஜிக்கு வயது 92. கொட்டும் மழையில் முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் கடைகள் திறக்கப்பட்டன. 1974-இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1981-இல் அதுவும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே அந்நிறுவனத்தின் வழியாக நடத்துகின்றது.

மதுவிலக்கின் இழப்பை ஈடுசெய்ய அவர் கொண்டுவந்த விற்பனை வரியின் கதை வேறு. அது நாடெங்கும் பரவி வேரூன்றியது. 2007-இல் தமிழகத்தில் அது மதிப்புக் கூட்டு வரியாக மாறியது. 2017-இல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. வந்தது. மது ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, அதன்மீது மாநில அரசே மதிப்புக் கூட்டு வரி வசூலிக்கின்றது. மதுப் பணத்திற்கு மாற்றாகப் பிறந்த வரியின் வழித்தோன்றல், இன்று மதுவின் மீதே விதிக்கப்படுகின்றது. நோக்கம் மறைந்தது; அதற்கெனச் செய்த கருவி எஞ்சியது. மனிதன் திட்டமிடுகின்றான், முடிவு அவன் கையில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெயரில் ஒட்டிக்கொண்ட சுமைகள்

ஒருவர் விட்டுச் செல்பவற்றில் அவர் விரும்பாதவையும் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தமிழகம் கொந்தளித்தது; பல நூற்றுவர் சிறை சென்றனர். 1952-இல் மீண்டும் முதலமைச்சரான பின், 1953-இல் தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குறைந்த ஆசிரியர்களைக் கொண்டு அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதே அவர் கூறிய காரணம். மக்களோ அதைக் குலக்கல்வி என்று அழைத்தனர். சாதித் தொழிலிலேயே ஏழையைக் கட்டிப்போடும் திட்டம் என்று பெரியாரும் மற்றோரும் எதிர்த்தனர். 1954-இல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அதனைக் கைவிட்டார்.

தாழ்த்தப்பட்டோருக்காகத் தம் சாதியையே பகைத்துக்கொண்ட அதே மனிதரின் பெயரில், எளியவர் கல்வியைத் தடுத்தவர் என்னும் பழியும் சேர்ந்து நிற்கின்றது. நம்மால் நன்மை பெற்றோர் மறந்துவிடக்கூடும். நம் முடிவால் பாதிக்கப்பட்டோர் மறப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பெண்மக்களின் திருமணம், ஜமாஅத்தின் தீர்ப்பு என எதில் முடிவெடுக்கும்போதும், அதன் சுமையைத் தாங்கப்போகும் மனிதரை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது நம் கடமையாகும்.

பதவிகளும் எழுதுகோலும்

இராஜாஜி வகித்த பதவிகள் பெரியவை. 1947-இல் மேற்கு வங்க ஆளுநர். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் தலைமை ஆளுநர். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவரே. 1954-இல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றோரில் அவரும் ஒருவர். கருத்து வேற்றுமை வந்தபோது பதவியையும் கட்சியையும் துறக்க அவர் தயங்கியதில்லை. முஸ்லிம் லீகுடன் உடன்பாடு காண வேண்டும் என்று வாதாடி, 1942-இல் காங்கிரசை விட்டே வெளியேறினார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962-இல், 83 வயதில், அமெரிக்கா சென்று குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தக் கோரினார். 1967 தேர்தலில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் முஸ்லிம் லீகும் அவருடைய கட்சியும் ஒரே கூட்டணியில் நின்றன.

இத்தனைக்கும் பிறகு, தாம் செய்த பணிகளில் சிறந்ததாக அவர் கருதியது இப்பதவிகளில் ஒன்றையும் அன்று. பாரதக் கதையையும் இராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதித் தந்ததையே அவர் தம் தலையாய பணியாக மதித்தார். 1954-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய அடுத்த மாதமே, 75 வயதில், கல்கி இதழில் இராமாயணத் தொடரை எழுதத் தொடங்கினார். சக்கரவர்த்தித் திருமகன் என்னும் அந்நூலுக்கு 1958-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அக்கதைகள் அவர்தம் சமயத்தார்க்கு உரியவை. நாம் இங்கே கவனிப்பது அவருடைய கணக்கு முறையை மட்டுமே. நாடாண்ட ஒருவர், ஆட்சியைக் காட்டிலும், ஒரு சாமானியன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கும் நூலையே பெரிதென மதித்தார்.

1972 ஏப்ரல் 5-ஆம் நாள் காயிதே மில்லத் அவர்கள் மறைந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள், 94 வயதில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராஜாஜியும் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

இவ்வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, எதை விட்டுச் செல்வது என்னும் முடிவைக் கை கால் நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். மருத்துவமனைக் கட்டிலில் எழுதும் வஸிய்யத், பணத்தைத்தான் பிரிக்கும், வாழ்வை மாற்றாது.

இரண்டாவது, அதிகாரத்தால் நிறுவியதைப் பின்வரும் அதிகாரம் நீக்கிவிடலாம். மனிதரிடம் கற்றுக்கொடுத்ததை நீக்குவது அரிது. சட்டப் புத்தகத்திலிருந்து மதுவிலக்கு போய்விட்டது. ஆனால் தன் வீட்டில் மது நுழைய விடாத ஒவ்வொரு தந்தையும் தன் பிள்ளைகளுக்கு ஒரு மதுவிலக்கை விட்டுச் செல்கின்றார்; அதை எந்த அரசும் ரத்துச் செய்ய இயலாது. நம் மஹல்லாவிலும் இந்நோய் நுழைந்திருப்பதை நாம் அறிவோம். சட்டம் வரட்டும் என்று காத்திருப்பதற்கில்லை.

மூன்றாவது, நிலையான தர்மமாகிய ஸதக்கத்துல் ஜாரியாவை நாம் கட்டடமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். கட்டடமும் தேவையே. எனினும் ஓர் ஏழைப் பிள்ளையின் கல்லூரிப் படிப்பை முடித்து வைப்பதும், விதவைப் பெண்ணுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுப்பதும், மக்தபில் ஒரு தலைமுறைக்கு ஓதிக் கொடுப்பதும் பெயர்ப்பலகை இல்லாத தர்மங்களாகும். புதுப்பாளையத்தில் கூலி பெற்று நூல் நூற்ற பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் ஆக்கிப் போட்ட உணவில் வளர்ந்த குடும்பங்கள் இம்மண்ணில் வாழ்கின்றன.

நான்காவது, பலன் நம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்னும் நிபந்தனையை விட்டுவிட வேண்டும். 92 வயதில், தோற்கப்போகும் கோரிக்கைக்காக மழையில் நடந்த அம்முதியவரின் கால்கள் நமக்கு நினைவில் இருக்கட்டும். முயற்சிக்கே நாம் பொறுப்பாளிகள். முடிவு அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது.

ஆகவே சகோதரர்களே! இம்மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு தாளில் இரண்டு பட்டியல்களை எழுதிப் பாருங்கள். நாம் இறந்தால் பங்கு பிரிக்கப்படும் பொருள்கள் ஒரு பக்கம். நாம் இறந்த பின்னும் தொடர்ந்து நடக்கும் நன்மைகள் மறுபக்கம். இரண்டாவது பக்கம் வெறுமையாக இருப்பின் கவலற்க. அதை நிரப்பவே இன்னும் மூச்சு வழங்கப்பட்டுள்ளது.

நாம் சென்ற பின்னும் நன்மை சேர்ந்துகொண்டேயிருக்கும் காரியங்களை நம் கைகளால் தொடங்கி வைக்கவும், நம்மால் எவர்க்கும் தீங்கு எஞ்சாதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.